மேட்ரன் அக்காவின் பதினொரு கதவுகள்

1

நான் லீட்ஸுக்கு வந்து இருபத்திரண்டு வருஷம் முடிந்த நாளன்று ஒரே வாயால் இரண்டு பேச்சுப் பேசினேன்.

காலை பத்து மணிக்கு ஒரு வகுப்பு எடுத்தேன். எதிரே பன்னிரண்டு பேர். எல்லோரும் டிமென்ஷியா வந்த கணவனையோ மனைவியையோ தாயையோ வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்கிறவர்கள். இந்த ஊர் நகராட்சியில் என் வேலை அதுதான். நினைவு தப்பியவர்கள் கூடுமானவரை தங்கள் வீட்டிலேயே, தங்கள் இஷ்டப்படி இருக்க வழி செய்வது. அவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்கள் நொடிந்துபோகாமல் கவனிப்பது. அன்றைய பாடம், வீட்டை விட்டு வெளியே கிளம்பிவிடுகிறவர்களைப் பற்றி. "கதவைப் பூட்டாதீர்கள். பூட்டினால் பயம்தான் கூடும். எங்கே போகப் பார்க்கிறார்கள், என்ன வேலையாகப் போகிறார்கள் என்று முதலில் கண்டுபிடியுங்கள்" என்று சொன்னேன். நன்றாகத்தான் சொன்னேன். ஒரு அம்மா குறிப்புக்கூட எடுத்துக்கொண்டார்.

மத்தியானம் ஒரு மணிக்குக் கையில் சாண்ட்விச்சோடு கொடைக்கானலுக்குப் போன் போட்டேன். என் அக்கா லூர்துமேரிக்கு டிமென்ஷியா வந்து நான்கு வருஷம் ஆகிறது. பார்த்துக்கொள்வது அவள் கணவர் சவரிமுத்து அத்தான். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அன்றைக்கு அத்தான் இழுத்து இழுத்துப் பேசினார்.

"ஒண்ணுமில்ல அமலி. இப்பக் கொஞ்ச நாளா வெள்ளனே அஞ்சு மணிக்கு எந்திரிச்சு வெளிய போயிர்றா. தெருவுல ஒவ்வொரு வீடாக் கதவத் தட்டுறா."

"கொஞ்ச நாளான்னா எத்தன நாளா?"

"அது ஆச்சு, நாலஞ்சு மாசம்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. நவம்பர் மாதக் கொடைக்கானல், இருட்டு, பனி, வழுக்குகிற சந்து, அறுபத்தெட்டு வயதுக்காரி. "பேசாம வெளிய ஒரு பூட்டப் போடுங்க அத்தான். விடிஞ்ச பெறகு தொறந்துவிட்டாப் போதும்" என்றேன்.

"பூட்டவா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டார். பிறகு, "சரி. ஒனக்குத் தெரியாததா. அங்கயும் நீ இதே சோலிதான பாக்குற" என்று ஒத்துக்கொண்டார்.

2

அக்கா கொடைக்கானலில் பெண்கள் விடுதி ஒன்றில் முப்பத்தாறு வருஷம் மேட்ரனாக இருந்தவள்.

எங்கள் சொந்த ஊர் வடகவுஞ்சி. அப்பா அம்மா காப்பியும் மலைவாழையும் போட்டுக்கொண்டு அங்கேயே கிடந்தார்கள். ஆறாம் வகுப்புக்கு என்னை அக்கா இருந்த விடுதியில் சேர்த்தார்கள். எனக்கும் அவளுக்கும் பதினாறு வயது வித்தியாசம். அக்கா இருக்கிறாள், ராணி மாதிரி இருக்கலாம் என்று நினைத்துக்கொண்டு பெட்டியோடு போய் இறங்கினேன். முதல் நாளே தனியாகக் கூப்பிட்டாள். "கேட்டுக்கு உள்ள நான் ஒனக்கு அக்கா இல்ல, மேட்ரன். நூத்திப்பத்துப் பிள்ளைல நீயும் ஒரு பிள்ள" என்றாள். ஐந்து வருஷம் அவளை அக்கா என்று கூப்பிடாமலே அவள் கையால் சாப்பிட்டேன். அந்தக் கோபம் எனக்கு வெகு நாள் இருந்தது.

விடுதியில் பதினொரு அறைகள். காலை ஐந்து மணிக்கு அக்கா வராந்தாவில் நடந்துவருவாள். கதவைத் தட்டி "இயேசுவுக்கே புகழ்" என்பாள். உள்ளேயிருந்து "மரியே வாழ்க" என்று பதில் வர வேண்டும். வந்தால் அடுத்த கதவுக்குப் போவாள். வராவிட்டால் வரும்வரை தட்டுவாள். வாய் மட்டும் பதில் சொல்லிவிட்டு உடம்பு கம்பளிக்குள் தூங்குவதில் நாங்கள் கெட்டிக்காரிகள்.

இன்னொரு சட்டமும் வைத்திருந்தாள். பிள்ளைகள் உள்ளே இருக்கும்போது எந்தக் கதவையும் வெளியிலிருந்து பூட்டக் கூடாது. ஒரு தடவை வாட்ச்மேன் தெரியாத்தனமாய்க் கொண்டியைப் போட்டுவிட்டுப் போய்விட்டார். அவரை அக்கா நிற்கவைத்துக் கேட்ட கேள்வியில் அந்த மனிதர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அழுதார். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துதான் பூட்டச் சொன்னேன்.

பூட்டுப் போட்ட மூன்றாம் நாள் காலை அக்கா பித்தளைச் செம்பால் ஜன்னல் கண்ணாடியை உடைத்தாள். உடைந்த கண்ணாடிக்குள் கையை விட்டு வெளிப்பக்கம் கொண்டியைத் தேடியிருக்கிறாள். "பிள்ளைங்க உள்ள இருக்கும்போது எவன்டா வெளியப் பூட்டுனது?" என்று அவள் போட்ட சத்தம் தெரு முழுக்கக் கேட்டதாம். கையில் ஏழு தையல். பூட்டை அன்றைக்கே கழற்றிவிட்ட அத்தான், தையல் பிரித்த பிறகுதான் எனக்குச் சொன்னார்.

"ஏன் அத்தான் அன்னிக்கே சொல்லல?"

"நீ வருத்தப்படுவன்னுதான்."

என் யோசனையால் வந்த காயம் என்று அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டை போட்டு ஆறியிருப்பேன்.

3

வருத்தம் வந்தால் ஓரமாய் உட்கார்ந்து அழுகிற ஆள் இல்லை நான். எதையாவது செய்தாக வேண்டும், இல்லாவிட்டால் கை பரபரக்கும். இரண்டே நாளில் மதுரைக்குப் பக்கத்தில் ஒரு இல்லம் கண்டுபிடித்தேன். இரவும் பகலும் ஆள், நர்ஸ், சுற்றிலும் மதில். பதினாறு பக்க விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்தேன். இந்த நாட்டில் நான் கற்றுக்கொண்ட பெரிய வித்தை படிவம் நிரப்புவதுதான். ஒரே ஒரு இடம் மட்டும் காலி, கணவரின் கையெழுத்து. ஜனவரியில் மூன்று வார விடுப்புக்கு எழுதிக் கொடுத்தேன். போய்க் கையெழுத்து வாங்குவது, அக்காவைக் கொண்டுபோய் விடுவது, திரும்பிவருவது. அதுதான் திட்டம்.

இதற்கு நடுவே வேலைக்கும் போய்க்கொண்டிருந்தேன். என் பொறுப்பில் ஆர்தர் என்று ஒருவர் இருக்கிறார். ஓய்வுபெற்ற தபால்காரர், எண்பது வயது. தினமும் காலையில் தபால் கொடுக்கக் கிளம்பிவிடுவார். அவர் மனைவிக்கு ஒரு வழி சொல்லிக்கொடுத்தது நான்தான். பழைய விளம்பரத் தாள்களை ஒரு பையில் போட்டுக் கொடுக்கச் சொன்னேன். அந்தத் தெருவில் வீடு வீடாய்ப் போய்ப் பேசி, அவர் வந்தால் வாங்கிக்கொண்டு நன்றி சொல்லும்படி கேட்டுக்கொண்டேன். ஒரு மணி நேரத்தில் பை காலியாகி மனிதர் வீடு திரும்பிவிடுவார். ஒரு நாள் அவர் நாற்காலியை விட்டு எழாமல் அடம்பிடித்தார். அடுத்த வீட்டு விசிட்டுக்கு நேரமாகிறதே என்ற பதற்றத்தில் "எந்திரிங்க, எந்திரிங்க, வெரசா" என்று என் வாயில் தமிழ் வந்துவிட்டது. மனிதர் சட்டென்று எழுந்து நின்றார். அக்காவின் குரல் எனக்கும் வந்துவிட்டது போல என்று சிரித்துக்கொண்டேன்.

மகள் நிவேதா மான்செஸ்டரில் படிக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை வருவாள். முன்பெல்லாம் பெரியம்மா என்பாள், இப்போது பேச்சில் "உங்க சிஸ்டர்" ஆகிவிட்டது. விண்ணப்பத்தை மேஜைமேல் பார்த்துவிட்டு, தமிழைத் தேடித் தேடி எடுத்துச் சொன்னாள்.

"ஆர்தருக்கு பேக் குடுத்தீங்க. உங்க சிஸ்டருக்கு மட்டும் லாக் குடுத்தீங்க. இப்ப ஹோம். ஏம்மா?"

"அது வேற, இது வேற."

"என்ன வேற?"

"ஒனக்கு அந்த ஊரப் பத்தி என்ன தெரியும்?" என்று கத்தினேன். அவள் தட்டை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விட்டாள். ரொம்ப நாள் கழித்து அவள் எங்கள் ஊர் விஷயம் ஒன்றை அவளாகவே கேட்டிருந்தாள். அதையும் இப்படிக் கெடுத்துக்கொண்டேன்.

4

மதுரை விமான நிலையத்தில் பிடித்த வாடகைக் காரின் டிரைவர், மலை ஏற இ-பாஸ் வேண்டும் என்று வண்டியை ஓரங்கட்டிப் போனில் விவரம் ஏற்றினார். "என்ன காரணம்னு கேக்குதுங்க. டூரிஸ்ட்னு போட்டுறவா?" என்றார். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். பாஸ்போர்ட் வெளிநாடு, வண்டி வாடகை, தங்கப்போவது மூன்று வாரம். போட்டுக்கொள்ளுங்கள் என்றேன்.

அக்கா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். மெலிந்திருந்தாள், ஆனால் முடியைப் படிய வாரிக் கொண்டை போட்டிருந்தாள். என்னை மேலும் கீழும் பார்த்தாள். "புது அட்மிஷனா? பெட்டிய அங்க வையி. கால் கழுவிட்டு உள்ள போ" என்றாள். நான்கு வருஷமாய்ப் போன் திரையில் என்னை யாரோ என்று பார்த்தவள், நேரில் ஒரு இடம் கொடுத்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. "அழுவக் கூடாது. வந்த புதுசுல எல்லாம் அப்பிடித்தான் இருக்கும்" என்றாள்.

நான் லீட்ஸிலிருந்து ஒரு கருவி கொண்டுபோயிருந்தேன். கதவில் ஒட்டிவிட்டால் போதும், கதவு திறக்கும்போதெல்லாம் மணி அடிக்கும். இல்லத்தில் சேர்க்கும்வரை பாதுகாப்பாய் இருக்கட்டுமே என்று வந்த மறுநாளே மாட்டினேன். அத்தான் பால் வாங்கக் கதவைத் திறந்தார். மணி அடித்தது.

"ஜெபத்துக்கு மணி அடிச்சாச்சு. என்ன வேடிக்க பாத்துக்கிட்டு நிக்கிற?" என்று அக்கா என்னை முழங்காலில் நிறுத்தினாள். கால் மணி நேரத்தில் எதிர்வீட்டுப் பாக்கியம் கீரை கொடுக்க வந்தார். மணி அடித்தது. "சாப்பாட்டு மணி. தட்ட எடு." அத்தான் திரும்பிவந்தார். படிப்பு மணி. முப்பத்தாறு வருஷம் மணிக்குக் கட்டுப்பட்ட ஒருத்தியின் வீட்டில் மணி மாட்டிய முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். சாயங்காலத்துக்குள் மூன்று தடவை ஜெபம் சொன்னோம், நான்கு தடவை சாப்பிட உட்கார்ந்தோம்.

பாக்கியம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அத்தான் சிரிக்கவில்லை. ஸ்டூலைப் போட்டு ஏறி, விரலால் தடவித் தடவி மூடியைக் கண்டுபிடித்து, பேட்டரியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அவ்வளவு நேரம் ஏன் தடவினார் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை. விண்ணப்பத்தை எடுத்து நீட்டினேன்.

"நாளைக்குப் பாத்துக்கலாம்" என்றார்.

அந்த நாளை வரவே இல்லை. கண்ணாடியைக் காணோம் என்றார், பேனா எழுதவில்லை என்றார். எனக்குப் பொறுமை போய்க்கொண்டிருந்தது.

5

ஐந்தாம் நாள் காலை, செருப்புச் சத்தம் கேட்டு எழுந்தேன். அக்கா ஸ்வெட்டர் போட்டு, தலையில் மப்ளர் சுற்றிக்கொண்டு, டார்ச்சோடு வெளியே இறங்கிக்கொண்டிருந்தாள். அத்தானின் கட்டில் காலியாக இருந்தது. நான் சால்வையைப் போர்த்திக்கொண்டு பின்னாலேயே போனேன். எதிரே பத்தடிக்குமேல் தெரியாத பனி.

முதல் கதவு பாக்கியத்தின் வீடு. பாக்கியம் பூம்பாறைக்காரர். அண்ணன் தோட்டத்துப் பூண்டை எடுத்துவந்து ஏரிப்பக்கம் விற்கிறவர், பூம்பாறை பஸ்ஸைப் பிடிக்க விடியுமுன்பே எழுந்துவிடுவார். அக்கா தட்டி, "இயேசுவுக்கே புகழ்" என்றாள்.

"மரியே வாழ்க, மேட்ரன்!" என்று கணீரென்று பதில் வந்தது. ஜன்னலில் தெரிந்த பாக்கியத்தின் நெற்றியில் விபூதி பட்டையாக இருந்தது.

அடுத்த கதவு. அடுத்தது. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பெண் குரல். ஏழாவது வீட்டில் தூக்கக் கலக்கத்தில் "வாழ்க" மட்டும் வந்தது. அக்கா விடவில்லை, முழுசாய் வாங்கிக்கொண்டுதான் நகர்ந்தாள். இதே சந்தில்தான் அவள் ஊரைத் தொந்தரவு செய்கிறாள் என்று பதினாறு பக்கம் எழுதிக்கொண்டு வந்திருந்தேன்.

பதினொன்றாவது கதவு ஒரு காட்டேஜ். வாசலில் வெளியூர்க் கார் இரண்டு நின்றன. அக்கா தட்டினாள். பதில் இல்லை. மறுபடி தட்டினாள். உள்ளே யாரோ ஒரு ஆண் முனகினான். இனி ரகளைதான் என்று நான் ஓட எத்தனித்தபோது, பக்கத்து வேலிக்குப் பின்னாலிருந்து மெல்லிய பெண் குரலில் "மரியே வாழ்க" என்று கேட்டது.

அக்கா தலையைச் சாய்த்துக் கேட்டாள். "தொண்ட கட்டிருக்கா? வெந்நி வச்சுக் குடி" என்று சொல்லிவிட்டு, நிம்மதியாக வீட்டைப் பார்க்கத் திரும்பினாள்.

அவள் போன பிறகு வேலிக்குப் பின்னாலிருந்து எழுந்து வந்தது அத்தான். எழுபத்தொரு வயது, நரைத்த மீசை, குல்லாய். நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அவர் ஒரு காலை எடுத்து நேராகச் சாக்கடையில் வைத்து விழுந்தார். அகலமான சாக்கடை அது, காட்டேஜ் விளக்கு வெளிச்சத்தில் யாருக்கும் தெரியக்கூடியது. ஓடிப்போய்த் தூக்கினேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் காதுப்பக்கம் பார்த்து, "யாரு, பாக்கியமா?" என்றார்.

6

அடுப்படியில் உட்காரவைத்து முழங்காலைத் துடைத்தேன். அக்கா காலை எண்ணிக்கையை முடித்த திருப்தியில் மறுபடி படுத்துவிட்டாள்.

"எத்தன நாளா அத்தான் கண்ணு தெரியல?"

"தெரியாம என்ன, மங்கலாத் தெரியுது. ரெண்டுலயும் புரைன்னு டாக்டர் சொல்லி வருசம் ஒண்ணாச்சு. இந்தச் சந்து எனக்குக் காலுக்கே தெரியும்."

"தெரிஞ்ச லட்சணந்தான் இப்பப் பாத்தனே. பக்கத்துல நடக்க வேண்டியதுதான? எதுக்கு ஒளிஞ்சு ஒளிஞ்சு போறீங்க?"

"பக்கத்துல போனா வெரட்டுறா. பொம்பளப் பிள்ளைங்க எடத்துல ஆம்பளைக்கு என்ன சோலிங்குறா." சொல்லும்போது அவருக்குச் சிரிப்பு வந்தது. கல்யாணத்துக்கு முன்னால் அதே விடுதியின் ஜீப் டிரைவர் அவர். கேட்டைத் தாண்டி ஒரு நாளும் உள்ளே விடப்பட்டதில்லை.

எனக்குச் சிரிப்பு வரவில்லை, கோபம்தான் வந்தது. இத்தனை நாள் போனில் பேசியும் ஏன் மறைத்தார் என்று கத்தினேன். அவர் நிதானமாகச் சொன்னார்.

"சொல்லிருந்தா என்ன பண்ணிருப்ப? இவருக்கே கண்ணு தெரியல, இவரு எங்க பாக்கப் போறாருன்னு அப்பவே அவளக் கொண்டுபோயி விட்ருப்ப. இங்க அவளுக்குப் பதினோரு ரூமு இருக்கு. தெனமும் எந்திரிச்சதும் ஒரு சோலி இருக்கு. அங்க போயி யார எழுப்புவா அமலி? அவளத்தான் எவளாவது வந்து எழுப்புவா."

எங்கள் அலுவலகப் படிவத்தில் ஆறாம் பக்கம் முழுக்க, பார்த்துக்கொள்கிறவருக்கானது. இரவில் தூங்குகிறீர்களா? கடைசியாக எப்போது உங்களுக்காக மருத்துவரைப் பார்த்தீர்கள்? உங்களுக்கு முடியாமல் போனால் யார் இருக்கிறார்கள்? இருபது வருஷமாய்த் தலையைச் சாய்த்து, இதமான குரலில், எத்தனையோ சமையலறைகளில் உட்கார்ந்து இதைக் கேட்டிருக்கிறேன். அத்தானிடம் நான் போனில் கேட்டதெல்லாம் அக்கா சாப்பிட்டாளா, மாத்திரை கொடுத்தீர்களா, கதவு பூட்டினீர்களா என்பதுதான். அன்றைக்கு அந்த அடுப்படியில் ஆறாம் பக்கத்தை வாயாலேயே கேட்டேன்.

தூக்கம் மூன்று மணி நேரம். மலையை விட்டு இறங்கி இரண்டு வருஷம். "திண்டுக்கல்ல எங்க அண்ணன் செத்ததுக்குக்கூடப் போகல. இவள யாருகிட்ட விட்டுட்டுப் போக?" என்றார். உங்களுக்கு முடியாமல் போனால் யார் இருக்கிறார்கள் என்றபோது அவர் வேட்டியை இழுத்து முழங்காலை மூடிக்கொண்டார். நான் வற்புறுத்தவில்லை. அந்த இடத்தில் எழுதப்பட வேண்டிய பெயர் யாருடையது என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

மதுரைக் கண் மருத்துவமனைக்குப் போன் செய்து நாள் வாங்கினேன். விண்ணப்பத்தைப் பெட்டியின் அடியில் போட்டேன். கிழிக்கவில்லை. கிழித்தேன் என்று எழுத ஆசைதான், ஆனால் நான் அவ்வளவு உறுதியான ஆள் இல்லை.

7

வத்தலக்குண்டில் இருக்கும் தன் தங்கை மகனோடு அத்தான் மதுரைக்கு இறங்கினார். ஐந்து நாள் நானும் அக்காவும் மட்டும். அந்த ஐந்து நாளில் என் சான்றிதழ்கள் ஒன்றுக்கும் உதவவில்லை.

குளிக்கச் சொன்னால் "நீ யாரு எனக்குச் சொல்ல?" என்பாள். நான் குளித்துவிட்டு வந்து நின்றால், தலையைத் தொட்டுப் பார்த்து, "ஈரம் போகல. ஒழுங்காத் தொவட்டத் தெரியல" என்று துண்டை வாங்குவாள். துவட்டிய கையோடு தானும் குளிக்கப் போய்விடுவாள். சாயம் பூசிய என் முடியை இழுத்து வாரி இரட்டைச் சடை போட்டுவிட்டாள். அவள் கைத்தழும்பு என் காதில் உரசியது. நான் செய்த தப்பை அப்போது வாய்விட்டுச் சொன்னேன். "நான்தான் பூட்டச் சொன்னேன், மேட்ரன்." அவள், "இனிமே செய்யாத" என்று சொல்லிவிட்டு ரிப்பனைக் கேட்டாள்.

காலையில் அவள் பின்னால் ஒளிந்து போக வேண்டிய அவசியம் எனக்கு இல்லை. டார்ச்சைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நடந்தேன், என்னை விடுதி லீடர் என்று ஒத்துக்கொண்டாள். அப்போதுதான் வழி தெரிந்தது. துணைக்கு ஒரு பெண் வேண்டும், அவ்வளவுதான். பாக்கியத்திடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"இதக் கேக்கவா இம்புட்டு யோசன? எப்பிடியும் பஸ்ஸுக்கு எந்திரிக்கத்தான செய்யுறேன். அவர் கண்ணு இப்பிடின்னு எங்ககிட்டயும் ஒரு வார்த்த சொல்லல பாரு தங்கச்சி, அழுத்தக்காரரு" என்றார்.

காட்டேஜ்காரர் அவ்வளவு சுலபமாக மசியவில்லை. "பேய் இருக்குன்னு ரிவ்யூ போட்டுட்டாங்க மேடம்" என்று போனைக் காட்டினார். வாசல் கதவுக்குப் போகாமல் பின்பக்கச் சமையற்கட்டுக்கு அக்காவைக் கூட்டிவருவதாகவும், அங்கே வேலை செய்கிற பெண் பதில் சொன்னால் போதும் என்றும் பேசினேன். "சீசன் வரைக்கும் பாப்போம்" என்றார். சீசனில் என்ன செய்வாரோ என்ற கவலை எனக்கு இன்னும் தீரவில்லை.

அத்தான் கறுப்புக் கண்ணாடியோடு திரும்பிவந்தார். ஒரு கண்தான் முடிந்திருந்தது. இன்னொன்றைப் பள்ளிக்கூடம் திறக்கிற சமயம் வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். வாசலில் நின்று அக்காவையே பார்த்தார். "முடியெல்லாம் இவ்வளவு நரைச்சிருச்சா இவளுக்கு" என்றார்.

8

கிளம்புகிற நாள். காலை ஏழு மணிக்குக் கார் மேல்ரோட்டில் வந்து நின்றது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தால் அக்கா குறுக்கே நின்றாள்.

"எங்க கெளம்பிட்ட?"

"ஊருக்கு, மேட்ரன்."

"லீவு லெட்டர் எங்க?"

அத்தான் உள்ளே போய்க் கோடு போட்ட நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்துக்கொண்டு வந்தார். பெட்டிமேல் வைத்து எழுதினேன். மதிப்பிற்குரிய மேட்ரன் அவர்களுக்கு, நான் வீட்டுக்குச் செல்ல இருப்பதால் எனக்கு விடுப்பு அளிக்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். பன்னிரண்டு வயதில் எழுதிய அதே வாசகம் கை தானாக எழுதியது. அத்தான் பாதுகாவலர் என்ற இடத்தில், என் விண்ணப்பத்தில் போட மறுத்த அந்தக் கையெழுத்தை, தாளை மூக்குக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துப் போட்டார்.

அக்கா வாங்கி விரல் வைத்துப் படித்தாள். அவளுக்கு இன்னும் வாசிக்க வருகிறது.

"திரும்பி வர்ற தேதி போடல."

"தெரியல, மேட்ரன்."

"தேதி தெரியாமப் போறவளுக்கு லீவு கெடையாது."

மேலே டிரைவர் ஹாரன் அடித்தார். நான் அத்தானைப் பார்த்தேன். அவர் வேண்டுமென்றே வேறு பக்கம் திரும்பி நின்றார். எத்தனையோ பேருக்கு நாள் குறித்துக் கொடுத்தவள் நான், அந்த ஒரு இடத்தை நிரப்ப முடியாமல் பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கடைசியில், ஜூன் முதல் திங்கட்கிழமை என்று எழுதினேன்.

"சரி, போ. தேதி தவறுனா கேட்டத் தொறக்க மாட்டேன்" என்று வழிவிட்டாள்.

9

இப்போது ஏப்ரல். லீட்ஸில் வெயில் லேசாக எட்டிப்பார்க்கிறது. ஆர்தர் பையோடு கிளம்பிவிட்டார்.

இந்த வருஷ விடுப்பில் எனக்கு மீதி இருப்பது ஐந்து நாள்தான். அதற்குமேல் வேண்டுமென்றால் காரணம் எழுதி மேலாளரிடம் கொடுக்க வேண்டும். மூன்று தடவை எழுதி மூன்று தடவையும் அழித்தேன். ஜூனில் நிவேதாவுக்குப் பரீட்சை முடிகிறது. நானும் வரட்டுமா என்று கேட்டாள், பிறகு நண்பர்களோடு எங்கோ போவதாகவும் சொன்னாள். இரண்டில் எது என்று கேட்கப் பயமாக இருக்கிறது. டிக்கெட் பக்கத்தைத் திறப்பதும் மூடுவதுமாக இருக்கிறேன். இன்னும் போடவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அத்தானிடம் சுற்றி வளைத்துக் கேட்டேன். அடுத்த கண்ணுக்கு அந்தத் தங்கை மகனே வந்து இரண்டு பேரையும் பார்த்துக்கொள்ள மாட்டானா, பாக்கியம் இரவில் வந்து படுத்துக்கொள்ள மாட்டாரா என்று. எல்லாவற்றுக்கும் பாக்கலாம், பாக்கலாம் என்றார். அக்கா என்னைப் பற்றிக் கேட்கிறாளா என்றேன்.

"ஒன் பேரெல்லாம் அவளுக்கு வரல அமலி" என்றார். "முன் ரூமுக் கட்டில்ல வெள்ளப் போர்வ விரிச்சு வச்சிருக்கா. ஜூன்ல ஒரு பிள்ள வருதாம். கால் வலிக்குதேன்னு நேத்து அதுல சித்த உக்காந்தேன், எந்திரிங்கன்னு வெரட்டி விட்டுட்டா."